பொருந்திய வளைகோடு சான்றாகாது

மூட்டுக் குருத்தெலும்பின் ஒரு துண்டைச் சட்டென்று அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே பிடித்து வைத்தால், அது திருப்பித் தரும் விசை உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்ல மெல்லத் தணிந்து ஒரு மதிப்பில் நிலைகொள்ளும். தகைவுத் தளர்வு எனப்படும் இந்தத் தணிவைக் கணக்கில் கொண்டுவர ஆய்வகங்களிலும் மென்பொருள்களிலும் ஊன்றிப்போன வழி ஒன்று உண்டு. பொருள் முழுவதையும் ஒரே சீரான பாகுமீள் திண்மமாக எடுத்துக்கொள்வது. சில சுருள்வில்களையும் பாகுத் தணிப்பான்களையும் இணைத்து ஒரு மாதிரி அமைப்பது. அதிலிருந்து வரும் அடுக்குக்குறிச் சார்புகளின் கூட்டலை, அதாவது புரோனி தொடரை, சோதனையில் கிடைத்த கோட்டின்மேல் பொருத்துவது. பொருந்திவிட்டால் அந்த எண்களையே பொருளின் பண்புகள் என்று அறிவிப்பது. குருத்தெலும்பு, முதுகெலும்பு இடைவட்டு, மூளைத் திசு, ஹைட்ரோஜெல் என நீர் நிறைந்த நுண்துளைப் பொருள்கள் பலவும் இந்த ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. நான்காவது படி தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கோட்டைப் பொருத்துவது ஒரு சோதனையின் முடிவைச் சுருக்கி எழுதும் வேலை. பொருளைப் புரிந்துகொண்டதற்கு அது சான்று ஆகாது.

எதிர்த்தரப்பின் வலுவை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். பாகுமீள்மைக் கோட்பாடு நேற்று முளைத்ததல்ல; லுட்விக் போல்ட்ஸ்மான் 1870-களில் இட்ட அடித்தளத்தின் மேல் நிற்பது. ரப்பர், பிளாஸ்டிக் போன்ற பலபடிப் பொருள்களில் அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. குருத்தெலும்புக்கும் அதைப் பொருத்தி நல்ல ஆய்வாளர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். ஹேய்ஸ், மாக்ரோஸ் இருவரும் 1971-இல் மனிதக் குருத்தெலும்பின் பாகுமீள் பண்புகளை இந்தப் பார்வையில்தான் அளந்தார்கள். புரோனி தொடரின் எண்களை இன்றைய கணினி மென்பொருள்கள் நேரடியாக ஏற்கின்றன. கணக்கு விரைவாக முடிகிறது. இதற்கெல்லாம் மேலாக ஒரு தீவிரமான இயற்பியல் வாதமும் அவர்களிடம் உண்டு: நடக்கும்போது மூட்டின்மேல் சுமை ஒரு நொடிக்கும் குறைவாகவே நிற்கிறது, அதற்குள் நீர் எங்கும் ஓடிவிடாது, ஆகவே துளையையும் நீரையும் தனித்தனியே கணக்கிடுவது வீண் சுமை என்கிறார்கள். இந்த வாதத்துக்கு உரிய பதிலைப் பின்னால் தருகிறேன்; அதில் பாதி உண்மை இருப்பதால் அது தனியாக நின்று பேசப்பட வேண்டியது.

பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். குருத்தெலும்பின் எடையில் ஏறத்தாழ 65 முதல் 80 விழுக்காடு வரை நீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் இழைகளும் அவற்றிடையே சிக்கியிருக்கும் புரோட்டியோகிளைக்கான் மூலக்கூறுகளும். அமுக்கும்போது நீர் இந்த வலையின் மிகக் குறுகிய இடைவெளிகள் வழியாக நகர்ந்தாக வேண்டும். வலை அதற்குக் கடுமையாகத் தடை போடுகிறது. எனவே தகைவு தணிவதற்கு இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன: நீர் வலையோடு உரசி நகர்வது ஒன்று, வலையின் மூலக்கூறுகள் தாமே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறுவது மற்றொன்று. முதலாவதை மண்ணுக்காகக் கார்ல் டெர்சாகி 1920-களில் கணக்கிட்டார். மாரிஸ் பியோ 1941-இல் அதை முப்பரிமாணத்துக்கு விரித்தார். 1956-இல் திண்ம வலையே பாகுமீள் தன்மை கொண்டிருக்கும் நிலையையும் சேர்த்துக்கொண்டார். குருத்தெலும்புக்கு வான் மௌவும் அவருடைய குழுவினரும் 1980-இல் திசுவை வலை, நீர் என்ற இரு கட்டங்களின் சேர்க்கையாகக் கணக்கிடும் இருகட்டக் கோட்பாட்டை வகுத்தார்கள். மாக் 1986-இல் நீரோட்டத்தையும் வலையின் பாகுமீள்மையையும் ஒரே கணக்கில் இணைத்தார். ஆகவே கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கும் கருவியை வசதிக்காக ஒதுக்கிவைப்பதுதான் சிக்கல்.

1. நேர மாறிலி பொருளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. இதுவே ஒற்றைத் திண்ம மாதிரியின் அடிப்படைப் பிழை. வலையின் மூலக்கூறுகள் இடம்மாற எடுக்கும் நேரம் துண்டின் அளவைப் பொறுத்ததல்ல. சிறிய துண்டிலும் பெரிய துண்டிலும் அது ஒன்றே. நீர் வெளியேற எடுக்கும் நேரமோ அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரத்தின் வர்க்கத்தை, அமுக்கக் குணகமும் ஊடுருவுதிறனும் பெருகிய எண்ணால் வகுத்தால் அந்த நேரம் தோராயமாகக் கிடைக்கும். குணகம் 0.5 மெகாபாஸ்கல், ஊடுருவுதிறன் நியூட்டன்-நொடிக்கு 2×10⁻¹⁵ மீ⁴ என்று குருத்தெலும்புக்குப் பொருத்தமான மதிப்புகளை எடுத்தால், பெருக்கல் நொடிக்கு 10⁻⁹ சதுர மீட்டர். அணுவிசை நுண்ணோக்கியின் முனை 1 மைக்ரோமீட்டர் ஆரத்தில் தொடும்போது நீரோட்ட நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி. 0.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள அழுத்துமுனைக்கு 250 நொடி. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைத் துண்டுக்குச் சுமார் 37 நிமிடம். 10 மில்லிமீட்டர் ஆரத் தொடுபரப்புக்கு ஒரு நாளுக்கும் மேல். பொருள் ஒன்றே, நேரமோ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு நாள் வரை விரிகிறது. உருளைத் துண்டில் பொருத்தி எடுத்த புரோனி எண்களை முழங்கால் மாதிரிக்குள் செலுத்துகிறவர், துண்டின் ஆரத்தை முழங்காலின் பண்பாக அறிவிக்கிறார்.

மண் பொறியியலில் இந்தப் பிழையைச் செய்ய எவரும் துணிய மாட்டார். ஆய்வகத்தில் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள களிமண் துண்டு அரை மணி நேரத்தில் இறுகி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே களிமண் 10 மீட்டர் தடிமனில் ஒரு கட்டடத்துக்கு அடியில் கிடந்தால், அதே வகையில் நீர் வடிந்தாலும், தூரம் 500 மடங்கு. நேரம் 2,50,000 மடங்கு. அரை மணி நேரம் பதினான்கு ஆண்டுகளாகிறது. ஆய்வகத்துத் தளர்வுக் கோட்டை அப்படியே எடுத்து, கட்டடம் அரை மணியில் அமர்ந்துவிடும் என்று எழுதினால் அதை எந்த மேற்பார்வையாளரும் ஏற்கமாட்டார். நூறு ஆண்டுகளாக மண்ணில் மறுக்கப்பட்டுவரும் ஒன்று திசுவில் மட்டும் எப்படி ஏற்கத்தக்கதாகும்? துண்டின் அளவு மில்லிமீட்டரில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

2. நல்ல பொருத்தம் எதையும் நிரூபிப்பதில்லை. அடுக்குக்குறிச் சார்புகளின் கூட்டலுக்கு ஒரு பழைய நோய் உண்டு: வெவ்வேறு எண்களைக் கொண்ட கூட்டல்கள் ஏறத்தாழ ஒரே கோட்டை வரையும். கார்னிலியஸ் லான்சோஷ் 1956-இல் வெளியிட்ட தம் நூலில் இதைக் காட்டினார். 1, 3, 5 என்ற வீதங்களில் தணியும் மூன்று சார்புகளின் கூட்டலைத் தரவாக எடுத்து, இரண்டு தசம இடத் துல்லியத்தில் அதை இரண்டே சார்புகளால் பொருத்திவிட்டார். அந்த இரண்டின் வீதங்கள் 1.58, 4.45. உண்மையில் இருந்த மூன்றில் எதுவும் இவற்றில் இல்லை. திசுச் சோதனையில் விசைமானியின் இரைச்சலும் துண்டுக்குத் துண்டு உள்ள வேறுபாடும் சேரும்போது இந்தக் குழப்பம் பெருகுமே தவிரக் குறையாது. நீரோட்டத்தால் வரும் தணிவோ ஒற்றை அடுக்குக்குறிச் சார்பே அல்ல. முடிவில்லாத தொடர் ஒன்றின் கூட்டல். அதன்மேல் மூன்று சார்புகளைப் பொருத்தினால் அழகாகவே பொருந்தும். பொருந்திய பிறகு அந்த மூன்று நேரங்களுக்கும் மூன்று மூலக்கூற்று நிகழ்வுகளைத் தேடிப் பெயரிடுவது, இல்லாத ஒன்றுக்கு விளக்கம் எழுதும் வேலை.

3. எதையும் விலக்காத மாதிரி எதையும் கற்பிக்காது. இருகட்டக் கோட்பாட்டின் வரலாறே இதற்குச் சான்று. பக்கங்கள் திறந்திருக்க, வழுவழுப்பான இரு தட்டுகளுக்கிடையே உருளைத் துண்டை அமுக்கும் சோதனையில், எல்லாத் திசையிலும் ஒரே பண்பு கொண்ட எளிய நேர்கோட்டு இருகட்டக் கோட்பாடு ஒரு கறாரான வரம்பை விதிக்கிறது. அமுக்கிய கணத்தில் துண்டு பருமன் மாறாத பொருளாக நடந்துகொள்ளும். நீர் அடங்கிய பிறகு வலையின் குணகம் மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.5-ஐத் தாண்டவே முடியாது. உண்மைத் துண்டுகளில் உச்சத் தகைவு இறுதித் தகைவைப் போலப் பல மடங்கு வந்தது. கோட்பாடு தோற்றது, 1986-இல் பிரவுன், சிங்கர்மன் இருவரும் அந்தத் தோல்வியை வெளிப்படையாகப் பதிவு செய்தார்கள். அந்தத் தோல்விதான் அடுத்த கேள்வியைக் கேட்க வைத்தது: நாம் எதை விட்டுவிட்டோம்? விடை கொலாஜனில் கிடைத்தது. அமுக்கும்போது துண்டு பக்கவாட்டில் விரிய முயல்கிறது. கொலாஜன் இழைகள் அமுக்கத்தைவிட இழுவிசையைப் பன்மடங்கு வலுவாக எதிர்ப்பதால் அந்த விரிவை இறுக்கிப் பிடிக்கின்றன. பிடித்ததால் உள்ளே நீரழுத்தம் உயர்கிறது. எளிய கோட்பாட்டில் நீர் சுமக்கக்கூடியது சுமையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. இழைகளைச் சேர்த்த பிறகுதான் அது ஏன் அதைவிட மிக அதிகமாகச் சுமக்கிறது என்பது புரிந்தது. இதே சோதனையைப் புரோனி தொடரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விகிதம் 1.5 ஆனாலும் 15 ஆனாலும் அது தடையின்றிப் பொருந்தியிருக்கும். கொலாஜனின் பங்கைப் பற்றி ஒரு கேள்வியும் எழுந்திராது. எதற்கும் வளைந்துகொடுப்பதைத் தொடரின் சிறப்பாகச் சொல்கிறார்கள். அறிவியலின் பார்வையில் அதுவே அதன் பெருங்குறை.

4. மூட்டு எப்படி உழைக்கிறது என்ற முக்கியமான கேள்விக்கே ஒற்றைத் திண்மத்திடம் பதில் இல்லை. குருத்தெலும்பின் மேல் விழும் சுமையை நீரும் வலையும் பங்கிட்டுக்கொள்கின்றன. 1998-இல் சோல்ட்ஸ், அட்டேஷியன் இருவரும் அடைபட்ட துண்டில் நீரழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். தொடக்கத்தில் சுமையின் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீரே சுமந்தது. அழுத்தம் வடிய வடியச் சுமை வலைக்கு மாறியது. உராய்வும் இதோடு கட்டுண்டது. நீரழுத்தம் சுமையைத் தாங்கும்வரை மூட்டின் பரப்புகள் மிகக் குறைந்த உராய்வோடு நழுவுகின்றன. அழுத்தம் இறங்கும்போது உராய்வு ஏறுகிறது. 1959-இலேயே மெக்கட்சன் முன்வைத்த இந்தக் கருத்தைப் பிற்காலச் சோதனைகள் உறுதிப்படுத்தின. ஒற்றைத் திண்ம மாதிரியில் மொத்தத் தகைவு மட்டுமே இருக்கிறது. அதில் எவ்வளவு நீருடையது, எவ்வளவு வலையுடையது என்ற பிரிவு இல்லை. வலைக்குள் வாழும் செல்கள் உணர்வது இந்தப் பிரிவைத்தான். இழையைக் கிழிப்பதும் வலை சுமக்கும் பங்குதான். மூட்டு ஏன் தேய்கிறது என்று கேட்பவரிடம் மொத்த விசையின் கோட்டை நீட்டுவது கேள்விக்கு விடை ஆகாது.

5. நோயை அது தவறாகப் படிக்கும். மூட்டுத் தேய்வு நோயில் புரோட்டியோகிளைக்கான் குறைகிறது; வலை மென்மையாகிறது; நீர் ஓடத் தடையும் குறைகிறது. அமுக்கக் குணகம் பாதியாகி ஊடுருவுதிறன் இருமடங்கானால், இரண்டின் பெருக்கல் மாறுவதில்லை; நீரோட்ட நேரமும் மாறுவதில்லை. புரோனி தொடரைப் பொருத்துகிறவர் இறுதி விறைப்பு குறைந்ததைக் காண்பார், நேர மாறிலி அப்படியே இருப்பதையும் காண்பார். திசு மென்மையாகிவிட்டது, அதன் நேரப் பண்பு கெடவில்லை என்று முடிவு செய்வார். உண்மையில் நீரைப் பிடித்து வைக்கும் திறன், அதாவது மூட்டைக் காக்கும் முதன்மைத் திறன், பாதியாகிவிட்டது. தணிப்பானின் பாகுநிலையைத் தனியே கணக்கிட்டால் அதுவும் பாதியாகத் தெரியும். அவர் அதை மூலக்கூறுகளின் மாற்றம் என்று எழுதுவார். திசுவின் எந்தப் பகுதியும் அப்படி மாறியிருக்க வேண்டியதில்லை. மருந்தும் மாற்றுத் திசுவும் வடிவமைக்கப்படும் துறையில் இப்படிப்பட்ட தவறான வாசிப்பின் விலையை நோயாளியின் முழங்கால்தான் கொடுக்கும்.

இனி எதிர்வாதங்கள். ஒரு நொடியில் நீர் ஓடாது என்ற வாதத்தின் உண்மைப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மிகக் குறுகிய நேரத்தில் நுண்துளைத் திசுவின் நடத்தை பருமன் மாறாத மீள்பொருளின் நடத்தைக்குச் சமமாகிறது; 2007-இல் அட்டேஷியன், எல்லிஸ், வைஸ் மூவரும் இதை முறையாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் குறுகிய நேரம் என்பது எவ்வளவு நேரம்? மேலே கணக்கிட்ட நீரோட்ட நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். முழு மூட்டுக்கு ஒரு நொடி குறுகியது. நுண்ணோக்கி முனைக்கு அதே நொடி ஆயிரம் மடங்கு நீண்டது. முழு மூட்டிலும்கூட, நீர் வெளியேற வழியுள்ள திறந்த விளிம்பை ஒட்டி ஒரு நொடியில் சுமார் 30 மைக்ரோமீட்டர் ஆழம் வரை நீரோட்டம் எட்டும். மேல்தளச் செல்கள் இருப்பது அந்த ஆழத்தில்தான். நெடுநேரம் நின்றபடி வேலை செய்கிறவரின் முழங்காலுக்கு இந்த வாதம் சிறிதும் பொருந்தாது. சுருக்கமாக, நீரைப் புறக்கணிக்கலாம் என்ற அனுமதியைத் தருவதே நீரைக் கணக்கில் கொண்ட கோட்பாடுதான். அதைத் துறந்தவருக்கு அந்த அனுமதி எந்த எல்லைவரை செல்லும் என்பது தெரியாது.

அளவுருக்கள் பெருகிவிடும் என்ற அச்சத்துக்கு எண்ணிக்கையே பதில். மூன்று சார்புகள் கொண்ட புரோனி தொடருக்கு ஏழு எண்கள் தேவை: இறுதி விறைப்பு ஒன்று, மூன்று வலிமைகள், மூன்று நேரங்கள். எளிய இருகட்ட மாதிரிக்கு மூன்று போதும்: குணகம், பாய்சான் விகிதம், ஊடுருவுதிறன். மாக் சேர்த்துக்கொண்ட வலைத் தளர்வுச் சார்பு இன்னும் மூன்றைக் கூட்டும்; மொத்தம் ஆறு. இவற்றில் குணகத்தை நீர் முழுவதும் அடங்கிய பிறகு அளக்கலாம். ஊடுருவுதிறனைத் துண்டின் வழியே நீரைச் செலுத்தி நேரடியாக அளக்கலாம். புரோனி தொடரில் இறுதி விறைப்பு நீங்கலான ஆறு எண்களையோ பொருத்தும் வேலைக்கு வெளியே எங்கும் தனித்துச் சந்திக்க முடியாது. கணினிச் செலவு என்ற சாக்கும் இப்போது நிற்காது. நுண்துளைத் திசுக்களைக் கணக்கிட வல்ல ஃபெபியோ போன்ற மென்பொருள்கள் ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன.

நீரோட்டம் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று இந்த மறுப்பை யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. அதுவும் இதே அளவு தவறு. பருமன் மாறாத தூய சறுக்குப் பெயர்ச்சியில் நீர் எங்கும் ஓடத் தேவையில்லை. ஆனாலும் குருத்தெலும்பு அங்கே ஆற்றலை இழக்கிறது என்று ஹேய்ஸ், போடின் இருவரும் 1978-இல் காட்டினார்கள். அது வலையின் சொந்தப் பாகுமீள்மை. அதேபோல ஹுவாங், மௌ, அட்டேஷியன் மூவரும் 2001-இல் இழுவிசையிலும் அமுக்கத்திலும் ஒரே திசுவை விளக்க இரண்டு காரணங்களும் தேவை என்று நிறுவினார்கள். வாயு நிறைந்த, துளை அகன்ற நுரைப்பொருளை மெதுவாக அமுக்கும்போது ஓட்டத்தின் பங்கு மிகச் சிறியதாகலாம். அங்கே ஒற்றைத் திண்ம மாதிரி நியாயமானது. ஒரு பொருள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முன்கூட்டியே விதிக்க முடியாது. சோதித்துத்தான் அறிய வேண்டும். புரோனி தொடர் இந்தச் சோதனையை நடத்தாமலேயே தீர்ப்பெழுதுகிறது.

சோதனை கடினமானதும் அல்ல. 2010-இல் ஹூ, ஜாவோ, வ்லாசாக், சுவோ நால்வரும் ஆல்ஜினேட் ஹைட்ரோஜெல்லை வெவ்வேறு ஆழங்களுக்கு அழுத்திப் பார்த்தார்கள். நேரத்தைத் தொடுபரப்பு ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்ததும் தனித்தனியாக விலகி நின்ற தளர்வுக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. நீரோட்டம்தான் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். கோடுகள் அளவை மாற்றினாலும் விலகாமல் நின்றால் வலையின் பாகுமீள்மை காரணம். இரண்டுக்கும் இடையில் விழுந்தால் இரண்டும் காரணம்.

எனவே கேட்பது மிகச் சிறிது. நுண்துளைப் பொருளின் நேரப் பண்பைப் பற்றி எழுதும் எவரும் குறைந்தது இரண்டு அளவுத் துண்டுகளில் அல்லது இரண்டு தொடுபரப்புகளில் சோதனையை நடத்தட்டும். ஒரு சோதனையில் பொருத்திய எண்களைக் கொண்டு, பொருத்தாத மற்றொரு சோதனையின் முடிவை முன்கூட்டியே சொல்லிக் காட்டட்டும். நேர மாறிலியை வெளியிடும்போது அது எந்த நீளத்தில், எந்தப் பக்கம் நீர் வடிய அளக்கப்பட்டது என்பதையும் கூடவே வெளியிடட்டும். ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் இம்மூன்றும் இல்லாத எண்களைப் பொருளின் பண்பு என்ற தலைப்பில் அனுமதிக்காதிருக்கட்டும். இவற்றைக் கடந்து வரும் புரோனி தொடர் எனக்கு எதிரியல்ல. அதன் எல்லையை அது தானே அறிவித்துவிட்டது. இவற்றைக் கடக்காத எண்கள் ஒரு துண்டின், ஒரு தட்டின், ஒரு நாளின் பதிவு மட்டுமே. அவற்றை நம்பி ஒருவருடைய மூட்டுக்குள் எதையும் பொருத்தும் உரிமை நமக்கு இல்லை.